எந்த லூப்பின் இது? இனம் அறிய, சமைக்க, வளர்த்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போய்வந்த குடும்பங்களின் வாட்ஸ்அப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். டெக்காப்போ ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிமிர்ந்து நிற்கும் பூங்கதிர்கள். அதே லூப்பின் என்ற பெயரை இங்கே சிங்கப்பூரில் உப்புநீரில் ஊறிய பருப்புப் புட்டியிலும், புரதம் மிகுந்தது என்று விற்கும் மாவுப் பொட்டலத்திலும் பார்க்கிறோம். அப்படியென்றால் ஏரிக்கரையில் நாலு காய் பறித்து வந்து சுண்டல் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு.

செய்யக் கூடாது. ஏரிக்கரையில் நிற்பது அலங்காரத்துக்காக உருவாக்கிய கலப்பினம், விதை நஞ்சு. மாவாக வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய வயல்களில் விளையும் வேறோர் இனம். புட்டியில் இருப்பது அநேகமாக மூன்றாவது ஓர் இனம். லூப்பினஸ் என்ற பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சமைப்பதும் வளர்ப்பதும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

படி 1: பூவின் கட்டமைப்பைக் கீழ்த்தளத்திலேயே பழகுங்கள்

லூப்பின் அவரைக் குடும்பத்துச் செடி. பூவைப் பிரித்துப் பார்க்க நியூசிலாந்து போகத் தேவையில்லை. வீவக புளோக்கின் கீழே சமூகத் தோட்டம் இருந்தால் அங்கே சங்குப்பூ இருக்கும். தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவுடன் கிலுகிலுப்பை நிற்கும். கிலுகிலுப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள், லூப்பினுக்கு அது சங்குப்பூவைவிட நெருங்கிய சொந்தம்.

பூவில் மேலே விரிந்து நிற்பது கொடியிதழ். இரு பக்கமும் சிறகிதழ்கள். அவற்றுக்குள் படகு போல ஒட்டியிருப்பது படகிதழ். லூப்பினிலும் இதே அமைப்புதான். சிறகிதழ்களை விரலால் மெல்லக் கீழே அழுத்தினால் படகிதழின் கூர்முனையிலிருந்து மகரந்தம் பசை போலப் பிதுங்கி வரும். வண்டு உட்காரும்போது நடப்பதும் இதுதான். லூப்பின் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. சங்குப்பூவில் கொடியிதழ் தலைகீழாகக் கீழ்ப்பக்கம் இருக்கும் என்பதால் முதல் பாடத்துக்கு அது குழப்பம் தரும்.

அடுத்து இலை. லூப்பின் இலை விரித்த கை போன்றது. ஒரே புள்ளியிலிருந்து ஐந்து முதல் பதினைந்துக்கும் மேற்பட்ட சிற்றிலைகள் சுற்றிலும் பிரியும். மழைக்குப் பிறகு அந்த நடுப்புள்ளியில் ஒரு சொட்டு நீர் உருண்டையாகத் தங்கும். விதிவிலக்கும் உண்டு. ஃப்ளோரிடாவிலும் பிரேசிலிலும் பிரியாத ஒற்றை இலை கொண்ட லூப்பின்கள் வளர்கின்றன. இலையை மட்டும் பார்த்தால் அவற்றை யாரும் லூப்பின் என்று சொல்ல மாட்டார்கள், பூதான் காட்டிக்கொடுக்கும்.

படி 2: பழைய உலகமா, புதிய உலகமா?

ஒரு லூப்பினைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் வட, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தோன்றியவை ஒரு டஜன் அளவே. மற்ற எல்லாம் வட, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தாலும், பழைய உலகத்துப் பன்னிரண்டைப் பிரித்தறிவது எளிது, புதிய உலகத்தவைதான் தலைவலி.

காரணம் குரோமோசோம்களில் இருக்கிறது. பழைய உலக இனங்களில் அந்த எண்ணிக்கை 32 முதல் 52 வரை இனத்துக்கு இனம் மாறுகிறது. வெள்ளை லூப்பினுக்கு 50, குறுகிலை லூப்பினுக்கு 40, மஞ்சள் லூப்பினுக்கு 52. எண் ஒத்துப்போகாததால் இவை ஒன்றோடொன்று கலப்பது அரிது. ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு நிற்கிறது. அமெரிக்க இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 48. அதனால் பலவும் எளிதாகக் கலக்கும். ஒரு மலைச்சரிவில் இரண்டு இனங்கள் சேர்ந்தால் நடுவாந்தரமாக மூன்றாவது ஒன்றும் நிற்கலாம். அமெரிக்க லூப்பின் இனங்களின் மொத்த எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய உலக இனங்களை விதையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். வழவழப்பான விதை கொண்டவை ஒரு பக்கம்: வெள்ளை, குறுகிலை, மஞ்சள் லூப்பின்களும் இன்னும் ஓரிரண்டும். சொரசொரப்பான விதை கொண்டவை மறுபக்கம்: லூப்பினஸ் பைலோசஸ், கோசென்டினி, அட்லான்டிகஸ், டிஜிடேட்டஸ் முதலியவை. நகத்தால் விதைத்தோலைச் சுரண்டினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். உணவுப் பயிராக நிலைத்த பழைய உலக லூப்பின்கள் மூன்றும் வழவழப்பு அணியைச் சேர்ந்தவை.

படி 3: தட்டுக்கு வரும் நால்வரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இருநூறுக்கு மேற்பட்டவற்றில் மனிதர்கள் முறையாகப் பயிரிட்டுத் தின்பது நான்கைத்தான். சிங்கப்பூரில் கடையில் எதை வாங்கினாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். எனவே இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

*வெள்ளை லூப்பின்* என்கிற லூப்பினஸ் ஆல்பஸ். விதை பெரியது, தட்டையானது, ஓரங்கள் மழுங்கிய சதுரம் போன்றது, பாலேட்டு நிறம். ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். கொண்டைக்கடலையைத் தட்டையாக அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. கிரேக்கர்களும் ரோமானியர்களும் பயிரிட்டது இது. விதையைத் தின்றதோடு செடியை மடக்கி உழுது உரமாகவும் பயன்படுத்தினார்கள். இத்தாலியில் லூப்பினி, போர்ச்சுகலில் த்ரெமோசோ, எகிப்தில் துர்முஸ் என்று விற்பது இந்தப் பருப்பைத்தான். முன்பு நம் தமிழ் வியாபாரிகள் திரையரங்கு வாசலில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே மடித்துக் கொடுத்தார்களே, அந்த ஊர்களின் தெருவோரத்தில் இந்தப் பருப்புக்கும் அதே இடம்தான்.

*குறுகிலை லூப்பின்* அல்லது லூப்பினஸ் அங்கஸ்டிஃபோலியஸ். சிற்றிலைகள் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும்; காட்டுச் செடியில் பூ நீலம். விதை உருண்டையாக, வெள்ளை லூப்பினில் பாதிக்கும் குறைவான எடையோடு இருக்கும். தோல் நீக்கி உடைத்த பருப்பு அடர்மஞ்சள் நிறம். தேக்கா சந்தையில் துவரம்பருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வைக்கு யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். லூப்பின் மாவு, லூப்பின் அவல் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை இதிலிருந்து செய்தவை. உலகிலேயே லூப்பின் மிக அதிகமாக விளைவது மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான வயல்களில்தான்.

*மஞ்சள் லூப்பின்* லூப்பினஸ் லூட்டியஸ். பூ நல்ல மஞ்சள், மணமுள்ளது, தண்டைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கும். விதையில் கரும்புள்ளிகள். போலந்து, ஜெர்மனிப் பகுதிகளின் புளிப்பு மண்ணுக்கு ஏற்ற பயிர். பெரிதும் கால்நடைத் தீவனம்.

*ஆண்டிஸ் லூப்பின்* லூப்பினஸ் மியூட்டாபிலிஸ். நால்வரில் இது ஒன்றுதான் புதிய உலகத்தது. பெருவில் தார்வி என்றும் ஈக்குவடோரில் சோச்சோ என்றும் அழைப்பார்கள். செடியில் மயிரே இல்லை, வழுவழுவென்று இருக்கும். பூ முதிர முதிர நிறம் மாறும். புரதம் 40 விழுக்காட்டைத் தாண்டும், எண்ணெயும் ஏறக்குறைய 20 விழுக்காடு. சோயாவோடு போட்டி போடக்கூடிய சத்து, அதுவும் குளிர்ந்த மலைமேட்டில் விளைவது. நம் கடைகளுக்கு இது வருவது அரிது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த நால்வரும் தொடக்கத்தில் கசப்பானவர்களே. லூப்பனின், ஸ்பார்டீன் போன்ற அல்கலாய்டுகளை, அதாவது கசப்பான நச்சுப் பொருள்களை, செடி தன் பாதுகாப்புக்காகத் தயாரித்து விதையிலும் சேர்த்துவைக்கிறது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் என்ற ஆய்வாளர் லட்சக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தற்செயல் மரபணு மாற்றத்தால் கசப்புக் குறைந்து போனவற்றைப் பொறுக்கி எடுத்தார். இனிப்பு லூப்பின் என்று இன்று சொல்வதன் ஆரம்பம் அது. இனிப்பு என்றால் சர்க்கரை போலத் தித்திக்கும் என்று பொருளல்ல, கசக்காது, அவ்வளவுதான்.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ். அவருடைய யூனிவொயிட் ரகம் 1967-இல் வந்தது. அதில் இனிப்புக் குணத்தோடு வெள்ளைப் பூ, வெள்ளை விதைக் குணத்தையும் அவர் வேண்டுமென்றே சேர்த்தார். ஏன் தெரியுமா? இனிப்புக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பக்கத்து வயலின் கசப்புச் செடியோடு மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறை கசந்துவிடும், பார்வைக்கோ ஒன்றும் தெரியாது. வெள்ளையும் ஒடுங்கு பண்பு என்பதால் வயலில் ஒரு நீலப் பூ தலைகாட்டினாலே கலப்பு நடந்திருக்கிறது என்று விவசாயி கண்டுகொள்ளலாம். பிறகு 1971-இல் காய் வெடித்துச் சிதறாத யூனிஹார்வெஸ்ட்டும், 1973-இல் சீக்கிரம் பூக்கும் யூனிகிராப்பும் வந்தன. ஒரு காட்டுச் செடி ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் முழுப் பயிராக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேளாண் வரலாற்றில் அதிகமில்லை.

படி 4: ஆண்டிஸ் மலையைப் புரிந்துகொள்ளுங்கள்

லூப்பின் இத்தனை இனங்களாகப் பெருகியதைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஆண்டிஸைத் தொடாமல் போனால் பாதிக் கதை போய்விடும்.

கொலின் ஹியூஸ், ரூத் ஈஸ்ட்வுட் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டிஸ் மலைத்தொடரில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட லூப்பின் இனங்கள் ஏறத்தாழ 12 முதல் 18 லட்சம் ஆண்டுகளுக்குள் கிளைத்திருக்கின்றன என்று காட்டியது. பூமியின் கணக்கில் இது கண் இமைக்கும் நேரம். தாவரங்களில் புதிய இனங்கள் மிக வேகமாகக் கிளைத்ததாக அறியப்பட்ட நிகழ்வுகளில் இது ஒன்று. மலை உயர்ந்தபோது உச்சியில் புதிய குளிர் நிலங்கள் உருவாயின. அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத திட்டுகள். கடலில் தீவுகள் இருப்பதைப் போல, இங்கே வெப்பமான பள்ளத்தாக்குகளுக்கு நடுவே குளிர்ச் சிகரங்கள். வந்து சேர்ந்த லூப்பின் ஒவ்வொரு திட்டிலும் தனித்தனியே மாறியது. ஓராண்டுச் செடி பல்லாண்டுச் செடியானது இந்த மாற்றத்துக்கு வழிதிறந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். உறைபனியில் ஒரே பருவத்துக்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடிப்பதைவிட, வேரைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பது லாபம்.

விளைந்த உருவங்களைப் பாருங்கள். லூப்பினஸ் மைக்ரோஃபில்லஸ் தரையோடு தரையாகப் பாய் விரித்தது போலப் படரும். காலால் மிதித்தால்தான் தெரியும். லூப்பினஸ் ஆல்பெக்குராய்டிஸ் ஈக்குவடோர், கொலம்பியாவின் உயர்மேட்டில் இலைவட்டத்தின் நடுவிலிருந்து கம்பளி போர்த்திய தூணாக எழும்பும். அந்தக் கம்பளிக்குள் புதைந்தபடியே நீலப் பூக்கள் எட்டிப்பார்க்கும். புதர்களும் உண்டு, ஆளுயரத்துக்கு மேல் போகும் குறுமரங்களும் உண்டு. இவ்வளவும் ஒரே பேரினம், நெருங்கிய உறவுகள், பூவின் கட்டமைப்பில் வித்தியாசமே இல்லை. படி 1-இல் கிலுகிலுப்பைப் பூவைப் பிரித்துப் பழகச் சொன்னது இதற்காகத்தான். செடியின் உருவம் ஏமாற்றும், பூ ஏமாற்றாது.

படி 5: வட அமெரிக்காவில் நாலைந்து பெயர்கள் போதும்

டெக்சஸின் நீலப்பூ லூப்பினஸ் டெக்சென்சிஸ். அதன் கொடியிதழில் உள்ள வெள்ளைப் பொட்டு, பூ வயதானதும் கருஞ்சிவப்பாக மாறும். வெள்ளைப் பொட்டில்தான் புது மகரந்தம் இருக்கும் என்று தேனீக்கள் கற்றுக்கொள்கின்றன. கிழக்கே லூப்பினஸ் பெரெனிஸ். அழிவின் விளிம்பில் இருக்கும் கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. கலிபோர்னியக் கடற்கரை மணலில் மஞ்சள் புதர் லூப்பினான லூப்பினஸ் ஆர்போரியஸ். வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-இல் வெடித்துச் சாம்பல்வெளியானபோது அங்கே முதலில் வேரூன்றியது லூப்பினஸ் லெபிடஸ். வேர்முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துத் தருவதால் வெறும் மணலிலும் அதனால் பிழைக்க முடிந்தது.

லூப்பினஸ் ஆர்க்டிகஸ் பற்றிப் பத்தாயிரம் ஆண்டு பழைய விதை முளைத்தது என்று 1967-இல் வந்த செய்தி இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-இல் கதிர்க்கரிமக் கணிப்பு அந்த விதைகள் நம் காலத்தவை என்று காட்டிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 6: பயணத்தில் இனம் காணுங்கள்

டெக்காப்போவில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நீங்கள் பார்ப்பது ரஸ்ஸல் லூப்பின். வட அமெரிக்காவின் லூப்பினஸ் பாலிஃபில்லஸை தாவரச் சேகரிப்பாளர் டேவிட் டக்ளஸ் 1820களில் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் வழிவந்த செடிகளை யார்க் நகரத்துத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்து, இரட்டை நிறப் பூக்கள் வரை கொண்டுவந்து 1937-இல் காட்சிக்கு வைத்தார். அடையாளம்: ஒன்பது முதல் பதினேழு வரை சிற்றிலைகள், இடுப்பளவு உயரம், அடர்ந்த கதிர். படத்துக்கு அழகுதான். ஆனால் நியூசிலாந்தில் அது களை. பின்னல் போலப் பிரிந்தோடும் ஆறுகளின் சரளைப் படுகைகளை மூடிவிடுகிறது. திறந்த சரளையில் முட்டையிடும் காக்கி போன்ற அரிய பறவைகளுக்கு இடமில்லாமல் போகிறது, அவற்றை வேட்டையாடும் விலங்குகளுக்கோ ஒளிய இடம் கிடைக்கிறது. காரில் விதையைத் தூவிக்கொண்டே போகும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஐஸ்லாந்து போகிறவர்கள் ஜூனில் பார்க்கும் நீலக் கம்பளம் லூப்பினஸ் நூட்கடென்சிஸ். மண்ணரிப்பைத் தடுக்க 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து பரப்பியது. இன்று அந்நாட்டவர்களே அதை வரவேற்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கம் பெர்த். ஐந்து மணி நேர விமானப் பயணம். ஆகஸ்ட், செப்டம்பரில் நெடுஞ்சாலை ஓரத்து மணலில் நீலமாகப் பூத்திருப்பது பெரும்பாலும் லூப்பினஸ் கோசென்டினி. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து குடியேறியது. வேலிக்கு அந்தப்பக்கம் வரிசையாக இருப்பது பயிரான குறுகிலை லூப்பின். சிற்றிலை அகன்று பஞ்சு போல மயிரடர்ந்திருந்தால் முன்னது. புல் போலக் குறுகியிருந்தால் பின்னது. இரண்டையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஊர் நமக்கு இல்லை.

எங்கே பார்த்தாலும் நான்கு படம் எடுங்கள்: முழுச் செடி, ஓர் இலை மேலிருந்து, ஒரு பூ பக்கவாட்டில், காய் இருந்தால் அது திறந்த நிலையில். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து யாராலும் உறுதியாக இனம் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது வளர்ப்புச் செடியா, தானாக முளைத்ததா என்பதையும் குறிப்பிடுங்கள்.

படி 7: சமையலறைக்குக் கொண்டுவருமுன்

பொட்டலத்தை வாங்கியதும் மூன்றில் எது என்று தீர்மானியுங்கள்.

உப்புநீர்ப் புட்டி என்றால் கசப்பு ஏற்கெனவே நீக்கியாயிற்று. நீரை வடித்துவிட்டு இரண்டு மூன்று தடவை அலசி, அரைமணி நேரம் நல்ல நீரில் ஊறவிடுங்கள். இல்லாவிட்டால் உப்பு தாங்காது. தோல் தடித்தது, விரலால் பிதுக்கினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தேங்காய்ப்பூ தூவி, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் நவராத்திரி வரிசையில் தைரியமாக வைக்கலாம். உப்பு போடவே வேண்டாம்.

குறுகிலை லூப்பின் அவல் அல்லது மாவு என்றால் அது இனிப்பு ரகம், நேரடியாகச் சமைக்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். லூப்பினில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை; புரதமும் நார்ச்சத்தும்தான். அதனால் பருப்பு போலக் குழையாது, சாம்பாரைக் கெட்டியாக்காது, தனியாக அரைத்து வடை தட்டினால் எண்ணெயில் உதிரும். கடலைப்பருப்போடு பாதிப் பாதி சேர்த்தால் மசால்வடை மொறுமொறுப்பாக வருகிறது. அடை மாவில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் கல்லில் திருப்பும்போது உடையும்.

காய்ந்த முழு வெள்ளை லூப்பின் என்றால் கசப்பு ரகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பொட்டலத்தில் வேறு விதமாகத் தெளிவாக எழுதியிருந்தாலொழிய. கசப்பு விதையில் அல்கலாய்டு 1, 2 விழுக்காடு வரை இருக்கும். உணவுக்கு ஆஸ்திரேலியா அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 0.02 விழுக்காடு. நூறு மடங்கு வரை வித்தியாசம். வேகவைத்தால் மட்டும் இது போகாது. வெப்பம் அல்கலாய்டை அழிப்பதில்லை. விதையின் உயிரணுக்களைச் சாகடித்து, அதன் சவ்வுகளைத் தளர்த்துகிறது. அதன் பிறகுதான் அல்கலாய்டு நீரில் கரைந்து வெளியேறும். எனவே வரிசை முக்கியம்.

இரவு முழுக்க நிறைய நீரில் ஊறவையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள். நுரை பொங்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். அந்த நீரையும் கொட்டுங்கள்; குழம்புக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு பருப்பின் அளவைப் போல ஐந்தாறு மடங்கு நீரில் போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை நீர் மாற்றிக்கொண்டே நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம். ஆண்டிஸ் மக்கள் சாக்கில் கட்டி ஓடையில் போட்டுவிடுவார்கள். ஓடும் நீர் வேலையைச் செய்யும். மத்தியதரைக் கடல் ஊர்களில் சமையலறை மேடையிலேயே பாத்திரத்தை வைத்துவிடுவார்கள். நம் ஊர் வெப்பத்தில் அது நடக்காது. 30 டிகிரியில் ஒரே நாளில் நுரைத்துப் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். குளிரில் கரைவது மெதுவாக நடக்கும் என்பதால் கூடுதல் நாள் கணக்கில் வையுங்கள்.

ஒன்றை எடுத்துக் கடித்து, துப்பிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் துளிக் கசப்பு தெரிந்தாலும் இன்னும் ஆகவில்லை என்று பொருள். அரைகுறையாகத் தின்றால் வாய் உலரும், பார்வை மங்கும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். அப்படி எதுவும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போய், லூப்பின் தின்றதைச் சொல்லுங்கள்.

இனிப்பு ரகமானாலும் ஒவ்வாமை தனி விஷயம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு லூப்பினும் ஒத்துக்கொள்ளாது; புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017-லும் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் லூப்பினைச் சேர்த்தன. நம் பேரங்காடிகளுக்குப் பல நாட்டுப் பொருள் வருவதால், குளூட்டன் இல்லாத ரொட்டி, பாஸ்தா வாங்கும்போது தடித்த எழுத்து எச்சரிக்கையோடு நின்றுவிடாமல் சேர்மானப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். வீட்டில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால், அந்த மசால்வடையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

படி 8: சிங்கப்பூரில் வளர்த்துப் பார்ப்பது

ரஸ்ஸல் லூப்பின் விதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். குளிர்காலம் கண்டால்தான் அது பூக்கும். நம் இரவுகள் அவ்வளவு குளிர்வதே இல்லை. கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க்கூடம்கூட 23 முதல் 25 டிகிரியில்தான் இருக்கிறது. இருந்தாலும் அங்கே மத்தியதரைக் கடல் தோட்டத்தையும் கலிபோர்னியத் தோட்டத்தையும் பார்த்துவாருங்கள். லூப்பினோடு காட்டில் கூடி வாழும் செடிகளின் சூழல் எப்படி என்று விளங்கும். தாவரவியலில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குப் பூமலை என்கிற சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா இருக்கிறது.

நான் பரிந்துரைப்பது வெள்ளை லூப்பினை வேருக்காக வளர்ப்பது. பூவுக்காக அல்ல. வேகவைக்காத காய்ந்த விதை முளைக்கும். வெளிநாட்டிலிருந்து நடவுக்கென்று விதை தருவிப்பதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளை முதலில் பாருங்கள். பயணப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது கூடவே கூடாது.

விதையை ஓரிரவு ஊறவைத்து, உயரமான தொட்டியில் கழுவிய ஆற்றுமணலும் கொஞ்சம் தேங்காய்நார்த் தூளும் கலந்து இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். சுண்ணாம்பு, முட்டை ஓடு எதுவும் சேர்க்காதீர்கள்; லூப்பினுக்குச் சுண்ணாம்பு ஆகாது. உரமும் வேண்டாம், குறிப்பாக பாஸ்பரஸ் உரம். தாழ்வாரத்தில் காலை வெயில் படுகிற, மாலை மழைச்சாரல் படாத இடம் தேவை. ஒரு வாரத்துக்குள் தடித்த வித்திலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்; மேல்மணல் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் செடியை மணலோடு வாளிநீரில் சாய்த்து மெதுவாக அலசுங்கள். பாஸ்பரஸ் இல்லாத மணலில் வளர்ந்திருந்தால் பக்கவேர்களில் ஆங்காங்கே குட்டைவேர்கள் நெருக்கமாக முளைத்து, புட்டி கழுவும் தூரிகை போன்ற கொத்துகள் தெரியும். அந்தக் கொத்துகள் சிட்ரிக் அமிலத்தைச் சுரந்து, மண்ணில் இறுகிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கின்றன. மஞ்சள் லூப்பினிலும் இதைக் காணலாம். குறுகிலை லூப்பினில் இவ்வளவு தெளிவான கொத்து வராது. இரண்டு தொட்டிகளில் அடுத்தடுத்து வளர்த்தால் இனத்துக்கு இனம் வேர்கூட வேறுபடுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். வேர்முடிச்சு இல்லையே என்று தேட வேண்டாம். லூப்பினுக்கு உரிய பாக்டீரியா கழுவிய மணலில் இருக்காது, விதையோடு அதற்கான கலவையைச் சேர்த்திருந்தால்தான் வரும்.

பூவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முளைவிட்ட விதையை ஈரத்துணியில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரி அளவில் மூன்று வாரம் வைத்துவிட்டு ஊன்றலாம். விதைக்குப் போலிக் குளிர்காலம் கொடுக்கும் வழி இது. டிசம்பர், ஜனவரி மழைக்கால இறுதியில் தொடங்கினால் பிப்ரவரியின் வறண்ட வானிலை கைகொடுக்கும். தண்டு மெலிந்து நீளத்தான் செய்யும், குச்சி கட்டுங்கள். விதையைப் பெட்டியில் வைக்கும் டப்பாமேல் "தின்னக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பக்கத்திலேயே சுண்டலுக்கு ஊறும் பருப்பு இருக்கலாம்.